கடைசி ஒரு சாண்: கன்டெய்னரும் கடல் காற்றாலையும் தூக்கி வைக்கப்படும் விதம்

கிரேன் என்றதும் அது எத்தனை டன் தூக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எடைக்கு விடை சுலபம். இரும்புக் கயிறும் மோட்டாரும் பெரிதானால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். தீராத கணக்கு வேறொன்று இருக்கிறது. தொங்குகிற சுமை ஆடும், அதை வைக்க வேண்டிய இடமும் சில நேரம் ஆடும். இரண்டையும் துளைக்குள் முளை இறங்கும் அளவுக்கு நேராகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தக் கடைசி ஒரு சாண் தூரத்தில்தான் நேரம் போகிறது, பொருள் உடைகிறது, ஆட்கள் அடிபடுகிறார்கள். கன்டெய்னர் தொழிலிலும் கடல் காற்றாலைத் தொழிலிலும் கடந்த 70 ஆண்டுகளில் வந்த நல்ல கண்டுபிடிப்புகளில் பல, இந்தச் சாணைக் கடப்பதற்காகப் பிறந்தவை.

கொங்கு நாட்டில் இரண்டும் பழகிய பொருள்கள். திருப்பூர் பனியன், கரூர் வீட்டுத் துணி, கோவை பம்பு, பொள்ளாச்சி தென்னைநார்த் தூள் எல்லாம் கன்டெய்னரில் ஏறித் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிப் பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் காடுகளில் காத்தாடிகள் நிற்கின்றன. ஆனால் பெட்டி கண்ணைவிட்டு மறைந்த பிறகு அதற்கு என்ன நடக்கிறது, காத்தாடியை நிலத்துக்குப் பதில் கடலில் நட்டால் என்னவெல்லாம் மாறும் என்பதை இங்கே அதிகம் பேசுவதில்லை. இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

எட்டு மூலைகள்

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு கிளம்பியது. அதை அனுப்பியவர் லாரித் தொழிலில் இருந்து வந்த மால்கம் மெக்லீன். உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற அன்று டன்னுக்கு 5.83 டாலர் ஆனது; பெட்டியாக ஏற்றியபோது 15.8 சென்ட்தான் ஆனது. பெட்டியில் சரக்கு அனுப்பும் யோசனை அதற்கு முன்பும் இருந்ததுதான். மெக்லீனிடம் வேலைசெய்த கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர், பெட்டியைக் கிரேனோடும் கப்பலோடும் இன்னொரு பெட்டியோடும் ஒரே முறையில் பிடிக்க வைக்கும் வழியைக் கண்டார். மூலையில் துளையுள்ள இரும்பு வார்ப்பு, அந்தத் துளைக்குள் நுழைந்து திரும்பும் ட்விஸ்ட் லாக், இவ்வளவுதான் அந்த வழி. மெக்லீன் பின்னாளில் இந்தக் காப்புரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதன் அடிப்படையில் ஐ.எஸ்.ஓ. தரம் வந்தது. இருகூர் கன்டெய்னர் டிப்போவில் ரீச் ஸ்டேக்கர் என்ற பெட்டி தூக்கும் வண்டி பிடிக்கும் அதே மூலையை ராட்டர்டாமில் உள்ள கிரேனும் பிடிப்பது அதனால்தான்.

அந்த மூலைவார்ப்பு 178 மி.மீ. நீளம், 162 மி.மீ. அகலம், 118 மி.மீ. உயரம் கொண்டது. மேல் முகத்தில் உள்ள துளை 124.5 மி.மீ. நீளமும் 63.5 மி.மீ. அகலமும் உடையது. ஒரு பெட்டிக்கு இப்படி எட்டு. பெட்டியின் பலம் முழுவதும் இந்த எட்டு மூலைகளிலும் அவற்றை இணைக்கும் நான்கு தூண்களிலும்தான் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகத் தெரியும் பக்கத் தகடு இரண்டு மி.மீ. அளவு கனமே கொண்டது. கதவில் அடித்திருக்கும் சி.எஸ்.சி. என்ற பாதுகாப்புச் சான்றுத் தகட்டைப் படித்துப் பாருங்கள். அடுக்கும் எடை என்ற வரியில் பெரும்பாலும் 1,92,000 கிலோ என்று இருக்கும். மேலே தலா 24 டன்னில் எட்டுப் பெட்டிகள் உட்காரலாம் என்பது அதன் கணக்கு, அதுவும் கப்பல் ஆடும்போது கூடும் விசையைச் சேர்த்து. அதே பெட்டியின் கூரையைச் சோதிக்கும்போது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. பரப்பில் 300 கிலோதான் வைக்கிறார்கள். மூலையில் கிட்டத்தட்ட 200 டன்னைத் தாங்கும் பொருள், நடுக்கூரையில் இரண்டு மூன்று ஆட்களின் எடையைத்தான் தாங்கும். பெட்டியின் கூரைமேல் சாமான் வைப்பவர்களும், துளை வெட்டிக் கடை போடுபவர்களும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

ட்விஸ்ட் லாக் வேலைசெய்யும் விதம் இது. முளையின் தலை நீளவாக்கில் இருக்கும், துளையும் நீளவாக்கில்தான் இருக்கும். இரண்டும் நேராக இருந்தால் தலை உள்ளே போகும். உள்ளே போனதும் 90 டிகிரி திரும்பினால் தலை குறுக்கே நின்றுவிடும், வெளியே வராது. கிரேனில் தொங்கும் ஸ்ப்ரெடர் என்ற சட்டத்தில் இப்படி நான்கு முளைகள் உண்டு. 20 அடி, 40 அடி, 45 அடி என்று பெட்டியின் நீளத்துக்கேற்ப ஸ்ப்ரெடர் நீண்டு சுருங்கும்.

ஆபத்து எங்கே? நான்கில் மூன்று பூட்டி, ஒன்று பூட்டாமல் தூக்கினால் பெட்டி சாய்ந்து விழும். அதற்காக ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிறு ஊசி இருக்கிறது. பெட்டியின் மேல் சரியாக உட்கார்ந்தால்தான் அது உள்ளே அமுங்கும். நான்கு ஊசியும் அமுங்கினால்தான் முளைகள் திரும்பும். நான்கு முளையும் முழுதாகப் பூட்டினாலோ முழுதாகத் திறந்தாலோதான் கயிறு மேலேறும். இடைநிலையில் கிரேன் அசையாது. உப்புக்காற்றிலும் தூசியிலும் இந்த உணரிகள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அப்போது வேலை நிற்கக் கூடாதென்று பாதுகாப்பைச் சாவி போட்டுத் தாண்டிவிடும் பழக்கம்தான் பெரும் விபத்துகளுக்கு வாசல். முளையின் கழுத்துப் பகுதியில் நாள்பட்ட உழைப்பால் மெல்லிய விரிசல் வரும். அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது, காந்தத்தூள் சோதனையிலோ மீயொலிச் சோதனையிலோதான் தெரியும். அதனால் முளைகளுக்கு ஆயுட்கணக்கு வைத்து, நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுகிறார்கள்.

டிரெய்லரிலும் நான்கோ எட்டோ ட்விஸ்ட் லாக் இருக்கிறது, அவை கையால் திருப்புபவை. இங்கே தவறு இரண்டு விதம். பூட்டாமல் ஓட்டினால் வளைவில் பெட்டி மட்டும் கழன்று கவிழும். டிப்போவில் இறக்கும்போது ஒன்றைத் திறக்க மறந்தால், கிரேன் பெட்டியோடு டிரெய்லரையும் சேர்த்துத் தூக்கும். கேபினில் டிரைவர் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. லோடு ஏற்றி கேட்டைத் தாண்டும் முன் நான்கு கைப்பிடிகளையும் ஒருவர் நடந்து பார்த்துவிட வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

கப்பலில் பெட்டிமேல் பெட்டி அடுக்கும்போது இடையிலும் ட்விஸ்ட் லாக் வேண்டும். முன்பு ஆட்கள் பெட்டிகளின் உச்சியில் ஏறி ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்தார்கள், விழுந்து இறந்தார்கள். பிறகு வந்தது பாதித் தானியங்கி லாக். கரையிலேயே, பெட்டி ஆள் உயரத்தில் தொங்கும்போது, அதன் அடி மூலைகளில் இதைப் பொருத்திவிடுவார்கள். கீழ்ப்பெட்டியின்மேல் இறங்கியதும் உள்ளே இருக்கும் சுருள்வில் தானே பூட்டிவிடும். இறக்கும்போது மேல்தளத்தில் நின்றபடி நீளக் கம்பியால் இழுத்துத் திறக்கலாம். பழைய கைப்பூட்டுகளில் சில இடப்பக்கம் திரும்பிப் பூட்டும், சில வலப்பக்கம். ஒரே கப்பலில் இரண்டும் கலந்தால், கைப்பிடியைப் பார்த்து எது பூட்டியது, எது திறந்தது என்று சொல்லவே முடியாது. ஒரே வகை வைத்திருக்க வேண்டும் என்ற விதி இப்படித்தான் வந்தது.

ஊசல்

இப்போது கடைசிச் சாணுக்கு வருவோம். முளைக்கும் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குள்தான். கிரேன் ஓட்டுநர் 30, 40 மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரையில் குனிந்து பார்த்துக்கொண்டு, கயிற்றில் ஆடும் பத்து டன் சட்டத்தை அந்த இடைவெளிக்குள் இறக்க வேண்டும். மணிக்கு 25 முதல் 30 பெட்டிகள் எதிர்பார்க்கப்படும்.

தொங்கும் சுமை ஒரு ஊசல். அது ஒருமுறை போய்த் திரும்பும் நேரம் கயிற்றின் நீளத்தை மட்டும் சார்ந்தது, எடையைச் சார்ந்ததல்ல. 10 மீட்டர் கயிற்றுக்கு 6.3 விநாடி, 20 மீட்டருக்கு 9 விநாடி, 30 மீட்டருக்கு 11 விநாடி. காலிப் பெட்டியானாலும் 30 டன் பெட்டியானாலும் இதே நேரம்தான். மேலே கயிற்றைத் தாங்கி ஓடும் டிராலியைச் சட்டென்று நகர்த்தினால் சுமை பின்தங்கும், பிறகு முன்னே பாயும். சட்டென்று நிறுத்தினாலும் அதே கதை. அது தானே அடங்கட்டும் என்று காத்திருந்தால் ஒரு பெட்டிக்கே நிமிடக்கணக்கில் போகும்.

அனுபவமுள்ள ஓட்டுநர் இதைக் கையாலேயே அடக்குவார். சுமை முன்னே ஆடி உச்சிக்குப் போகும் நேரத்தில் டிராலியைச் சற்றே முன்னகர்த்தி, அதற்கு நேர்மேலே கொண்டுபோய் நிறுத்துவார். ஆட்டம் அங்கேயே செத்துவிடும். கணினி செய்வதும் அடிப்படையில் இதுதான், கணக்கு மட்டும் துல்லியம். 20 மீட்டர் கயிறு என்றால் ஊசலின் நேரம் 9 விநாடி. டிராலிக்கு வேண்டிய வேகத்தில் முதலில் பாதியைக் கொடுத்து, சரியாக நாலரை விநாடி கழித்து மீதிப் பாதியைக் கொடுத்தால், முதல் அடி கிளப்பிய ஆட்டத்தை இரண்டாவது அடி கிளப்பும் ஆட்டம் எதிராக நின்று தின்றுவிடும். பெட்டி ஆடாமல் போகும். நிறுத்தும்போதும் இதே முறை. இதற்குக் கயிற்றின் நீளம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஓடும்போதே கயிறு ஏறி இறங்குவதால் கணினி நொடிக்கு நொடி கணக்கை மாற்றுகிறது. கயிறுகளை நேர்க்கோட்டில் தொங்கவிடாமல் முக்கோணமாகச் சாய்த்துக் கட்டுவதும் உண்டு. முக்கோணம் எளிதில் உருக்குலையாது என்பதால் ஆட்டம் பிறவியிலேயே குறையும். ஆனால் கயிறுகள் கூடும், தேய்மானமும் கூடும்.

காற்று வந்தால் கணக்கு வேறு. 40 அடி ஹைக்யூப் (உயரம் கூடிய) பெட்டியின் பக்கம் 35 சதுர மீட்டர். விநாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. காற்று அதன்மேல் ஏறத்தாழ அரை டன் விசையாக விழும். காலிப் பெட்டி 4 டன், ஸ்ப்ரெடர் 10 டன் என்று வைத்தால், 20 மீட்டர் கயிற்றில் அது முக்கால் மீட்டர் அளவு விலகி நிற்கும். அதே பெட்டி சரக்கோடு 30 டன் இருந்தால் கால் மீட்டர்தான் விலகும். காற்று நாளில் காலிப் பெட்டிதான் தொந்தரவு என்று துறைமுகத்துக்காரர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

இவ்வளவும் செய்து பெட்டியின் அருகே வந்த பிறகு, மீதி இருக்கும் ஒரு சாணை ஓர் எளிய கருவி முடித்துக்கொடுக்கிறது. ஸ்ப்ரெடரின் நான்கு மூலைகளிலும் கீழ்நோக்கி மடங்கும் இரும்புக் கைகள் உண்டு. அவை பெட்டியின் விளிம்பில் மோதி, சட்டத்தைத் தள்ளி நேராக்கி, முளையைத் துளைக்குமேல் கொண்டுவந்து நிறுத்தும். பெரும்பாலான பெட்டிகளின் மேல் மூலைகளில் தெரியும் கீறலும் நசுங்கலும் இந்தக் கைகளின் வேலை. கணினியும் கேமராவும் எவ்வளவு வந்தாலும் இந்தக் கைகளை எடுத்துவிட யாரும் துணியவில்லை.

ஏற்றுமதியாளர் கையில் இருப்பது

கிரேன் நம் கையில் இல்லை. பெட்டிக்குள் எடை எங்கே உட்காருகிறது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. திருப்பூர் பனியன் அட்டைப்பெட்டிகள் 76 கன மீட்டர் ஹைக்யூப்பை நிரப்பினாலும் எடை வரம்பை எட்டாது, அதனால் பரவலாகவே உட்காரும். கோவைப் பம்பு வார்ப்புகள் அப்படியல்ல. 20 அடிப் பெட்டியில் தரையில் கொஞ்சம் அடுக்கியதுமே எடை தீர்ந்துவிடும். மீதி இடம் காலியாக இருக்கும். கதவருகே ஏற்றுவது சுலபம் என்று ஒரு முனையில் குவித்துவிடுவார்கள். பெட்டியின் பாதி நீளத்தில் 60 சதவீதத்துக்கு மேல் எடை இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. அதன் காரணத்தைப் பாருங்கள். 40 அடிப் பெட்டியில் முளைகளுக்கு இடையே 12 மீட்டர். மொத்தம் 24 டன், எடை மையம் நடுவிலிருந்து 1 மீட்டர் விலகியிருந்தால், ஒரு முனையின் இரண்டு முளைகள் 14 டன் தாங்கும், மறுமுனை 10 டன். பெட்டி தூக்கியதும் சாயும், கப்பலின் பள்ளத்துக்குள் வழிகாட்டிச் சட்டங்களில் சிக்கும். குறுகிய அடியுள்ள கனமான வார்ப்பைத் தரையில் அப்படியே வைக்காமல், அடியில் நீளவாக்கில் மரக்கட்டைகள் கொடுத்தால், பாரம் பல குறுக்குச் சட்டங்களுக்குப் பிரிந்துபோகும். இல்லாவிட்டால் பலகை முறியும்.

உள்ளே கட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு. மோசமான கடலில் பக்கவாட்டு விசை சரக்கின் எடையில் 80 சதவீதம் வரை வரும் என்று வைத்துத்தான் கட்டச் சொல்கிறார்கள். 1,000 கிலோ மோட்டார் ஒன்று பக்கவாட்டில் 800 கிலோ அளவு தள்ளும். தரையோர வளையம் ஒன்றின் கணக்குத் தாங்குதிறன் 1,000 கிலோ, மேலுள்ளது 500 கிலோ. எத்தனை பெல்ட் வேண்டும் என்பதை இதிலிருந்து கணக்கிடலாம். இடைவெளியைக் காற்றுப்பையாலோ மரச்சட்டத்தாலோ அடைத்துவிட்டால், கட்ட வேண்டியதே பாதியாகும்.

2007இல் இங்கிலாந்துக் கடலில் எம்.எஸ்.சி. நேப்போலி கப்பல் உடைந்தபோது, மேல்தளத்தில் எடைபோட்ட 660 பெட்டிகளில் 137 பெட்டிகள் சொன்ன எடையைவிட 3 டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தன. இந்த வகை நிகழ்வுகளுக்குப் பிறகு, 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று உலக விதி வந்தது. எடைபோட இரண்டு வழிகள். நிரப்பி மூடிய பெட்டியை எடைமேடையில் போடலாம். அல்லது உள்ளே போகும் ஒவ்வொன்றையும், கட்டையும் பெல்ட்டும் உட்பட எடைபோட்டு, கதவில் எழுதிய காலி எடையைக் கூட்டலாம். எடைமேடையில் வரும் பிழைகள் சின்னவை, ஆனால் கூடும். பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் வண்டியை எடைபோட்டுக் கழிக்கும்போது, முதல் முறை டிரைவர் இறங்கியும் இரண்டாம் முறை உட்கார்ந்தும் எடுப்பது, நடுவில் டீசல் நிரப்புவது, ஒரே டிரெய்லரில் இரண்டு 20 அடிப் பெட்டிகளை ஒன்றாக எடைபோட்டு இரண்டால் வகுப்பது. கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசம். ஒன்றில் துணி, மற்றதில் வார்ப்பு என்றால் இரண்டு எண்ணும் பொய்.

தரையே ஆடும்போது

துறைமுகத்தில் சுமை மட்டும்தான் ஆடியது. கடலுக்குள் போனால் கிரேனும் ஆடும்.

உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991இல் டென்மார்க்கின் விண்டபியில் வந்தது. 450 கிலோவாட்டில் 11 இயந்திரங்கள். 2017இல் அதைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். இன்று ஒரே இயந்திரம் 15 மெகாவாட். வெஸ்டாஸ் நிறுவனத்தின் அந்த ரகத்துக்கு ஓர் இறகு மட்டும் 115.5 மீட்டர். 40, 50 மீட்டர் ஆழம் வரை பெரும்பாலும் ஒற்றைக் குழாய்த் தூணைக் கடல் தரையில் அறைந்து இறக்குகிறார்கள். அதன் விட்டம் 8 முதல் 10 மீட்டர் வரை போகும். இன்னும் ஆழமானால் நான்கு கால் சட்டம், அதையும் தாண்டினால் மிதவை.

மிதக்கும் கப்பலிலிருந்து ஏன் நேரடியாகத் தூக்கக் கூடாது? ஒரு சிறு கணக்கு போதும். 8 விநாடிக்கு ஒருமுறை வரும் அலையில் தோணியின் தளம் 1 மீட்டர் ஏறி இறங்குகிறது என்று வைப்போம். தளம் மேலேறும் உச்ச வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், நிமிடத்துக்கு 24 மீட்டர். கொக்கி இதைவிட வேகமாகத் தூக்காவிட்டால், கிளம்பிய சுமையைத் தளம் கீழிருந்து மீண்டும் இடிக்கும். பெரும் எடை தூக்கும் கிரேன்கள் பலவும் அவ்வளவு வேகமாகத் தூக்குவதில்லை.

முதல் தீர்வு கடலையே நிலமாக்குவது. ஜாக்அப் கப்பல் தன் நான்கு அல்லது ஆறு கால்களைக் கடல் தரையில் ஊன்றி, உடலை அலைக்கு மேலே தூக்கிக்கொள்ளும். பிறகு அது ஆடாது. ஆனால் கால் புதைந்தால்? மேலே மணல், கீழே சேறு என்று அடுக்கு இருந்தால், கால் மணலை உடைத்துக்கொண்டு சட்டென்று இறங்கிவிடும், கப்பல் சாயும். அதனால் வேலை தொடங்கும் முன், எதிரெதிர்க் கால்களில் மாற்றி மாற்றி முழு எடையைச் சாய்த்து, வேலையில் வரப்போவதைவிட அதிக பாரத்தைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். உடுமலைப் பக்கம் கரிசல் மண்ணில் கிரேன் நிறுத்தும் முன் கெட்டிப்படுத்தி, இரும்புப் பலகை போடுவதும் இதே பயத்தில்தான். அங்கே மண்ணைப் பார்க்கலாம், இங்கே துளையிட்டு எடுத்த மாதிரியை நம்ப வேண்டும்.

இரண்டாவது தீர்வு ஆட்டத்தை அளந்து எதிர்த்து ஆடுவது. கப்பலின் அசைவை ஓர் உணரி நொடிக்குப் பல தடவை அளக்கும். தளம் ஒரு சாண் ஏறினால் கயிற்றை ஒரு சாண் விடும், இறங்கினால் சுருட்டும். கொக்கி கடல் தரையைப் பொறுத்து அசையாமல் நிற்கும். ஆட்களைக் காற்றாலைக்கு ஏற்றுவதிலும் இதே முறை. வழக்கமான வழியில் படகு தன் முகப்பு ரப்பரைத் தூணில் உள்ள இரண்டு குழாய்களில் அழுத்திக்கொண்டு நிற்கும், ஆள் ஏணிக்குத் தாவுவார். அலை உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் இது நடக்காது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2008இல் தொழிலாக வந்த ஆம்பல்மான் என்ற நடைபாலம் ஆறு ஹைட்ராலிக் சிலிண்டர்களின்மேல் நிற்கிறது. கப்பல் எப்படிப் புரண்டாலும் ஆறும் சேர்ந்து நீண்டு சுருங்கி, பாலத்தின் அடித்தளத்தை அசையாமல் வைக்கும். விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஆட்டும் மேடையின் அமைப்பேதான் இது. அங்கே நிற்கும் தரையில் ஆட்டத்தை உண்டாக்கினார்கள், இங்கே ஆடும் தரையில் ஆட்டத்தைக் கழிக்கிறார்கள்.

ஆனாலும் இறகு பொருத்தும் நேரம்தான் மிகக் கடினம். நம் காடுகளில் மூன்று இறகையும் தரையிலேயே மூக்கோடு (இறகுகள் சேரும் நடுப்பகுதி) கோத்து ஒன்றாகத் தூக்குவதுண்டு. கடலில் அதற்கு இடமில்லை, ஒவ்வொன்றாகத்தான். எடை மையத்தில் இறகைப் படுக்கையாகக் கவ்வி, கிரேனின் கையிலிருந்து இரண்டு பக்கக் கயிறுகளால் திரும்பாமல் பிடித்து, 100க்கு மேற்பட்ட போல்ட்டுகளை அதே எண்ணிக்கைத் துளைகளில் நுழைக்க வேண்டும். காற்று விநாடிக்கு 10, 12 மீட்டரைத் தாண்டினால் வேலை நிறுத்தம். நல்ல காற்றுள்ள இடத்தைத் தேடிப்போய், காற்றில்லாத நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஜாக்அப் அசையாமல் நின்றாலும் காற்றாலைத் தூண் அசையும். இறகு மாட்டாத தூணைத் தட்டினால் 3 முதல் 5 விநாடிக்கு ஒருமுறை ஆடும். சிறு அலைகளும் அதே இடைவெளியில் வந்தால், உச்சியில் ஆட்டம் சேர்ந்துகொண்டே போகும். துளைகள் நகர்கின்றன, இறகு வேறு தாளத்தில் ஆடுகிறது. இதற்கு இரண்டு உதவிகள். சில போல்ட்டுகளை மற்றவற்றைவிட நீளமாக, முனை கூராக விட்டு, அவை முதலில் நுழைந்து மற்றவற்றை இழுத்துவரச் செய்வது ஒன்று. கன்டெய்னரின் இரும்புக் கைகள் செய்த வேலையே இது. தூணின் உச்சியில் தற்காலிகமாக ஓர் எடையை வில்லோடு வைத்து, தூண் ஆடும்போது அது எதிராக ஆடி அடக்கும்படி செய்வது மற்றது.

போல்ட்டுகளோடு முடிவதில்லை. தூணும் அடித்தளமும் சேரும் இடத்தில் 72 மி.மீ. விட்டம் வரை போல்ட்டுகள், அவற்றை ஹைட்ராலிக் கருவியால் இழுத்துப் பிடித்து நட்டை இறுக்க வேண்டும். ஓடிய சில மாதத்தில் இழுவை குறையும், திரும்ப இறுக்க வேண்டும். பல்லடத்தில் வேலைபார்க்கும் டெக்னீஷியனுக்கு இது தெரிந்த கதை. கடலில் ஒவ்வொரு தடவையும் படகும் வானிலையும் வேண்டும். ஆரம்பத்தில் போல்ட்டைத் தவிர்க்க, தூண் குழாய்க்கும் மேல்குழாய்க்கும் இடையில் சிமென்ட் குழம்பு ஊற்றினார்கள். 2009, 2010 வாக்கில் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளில் மேல்குழாய் வழுக்கிக் கீழிறங்கியது தெரிந்தது. நேரான வழவழப்பான குழாயில், அங்கும் இங்கும் வளையும் விசை சிமென்ட்டின் பிடியைத் தேய்த்துவிட்டது. இப்போது பிடி கொடுக்க வரப்பு போன்ற மேடுகளை உள்ளே பற்றவைக்கிறார்கள், அல்லது குழாயைக் கூம்பாகச் செய்கிறார்கள். கூம்பை மட்டுமே நம்பும் இணைப்பும் வந்திருக்கிறது. கவிழ்த்து அடுக்கிய டம்ளர்கள் ஒன்றையொன்று இறுகப் பிடிப்பதைப் போல, மேல் கூம்பு கீழ்க் கூம்பின்மேல் தன் எடையாலேயே இறுகும். போல்ட்டும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. நெதர்லாந்தின் போர்செலே 5 திட்டத்தில் முழு அளவில் இதைப் பயன்படுத்தினார்கள். வைக்கும்போதே தானாக நேராவதால், கடைசிச் சாணுக்கு இதைவிடச் சுத்தமான விடை இதுவரை வந்ததாகத் தோன்றவில்லை.

மிதவை வேறு வழியில் போகிறது: கடைசிச் சாணைத் துறைமுகத்திலேயே முடித்துவிடுவது. 2017இல் ஸ்காட்லாந்தில் ஓடத் தொடங்கிய ஹைவிண்ட் என்ற மிதக்கும் காற்றாலைப் பண்ணையின் ஐந்து 6 மெகாவாட் இயந்திரங்களை நார்வேயின் அமைதியான கடற்கழியில் பூட்டி, இழுத்துக்கொண்டுபோய் நங்கூரச் சங்கிலிகளில் மாட்டினார்கள். பெரிய பாகம் பழுதானால்தான் சிரமம். ஆழத்தில் ஜாக்அப்பின் கால் எட்டாது, அதனால் 2024இல் அந்த இயந்திரங்களைத் திரும்ப நார்வேக்கே இழுத்துவந்து பழுதுபார்த்தார்கள்.

மன்னார் வளைகுடாவும் நம் பட்டறைகளும்

இந்தியாவின் கடல் காற்றாலைக் கொள்கை 2015இல் வந்தது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ரூ.7,453 கோடிக்கு ஒப்புதல் தந்தது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழகத்துக்கு 500 மெகாவாட், அதில் இரண்டு துறைமுகங்களைத் தயார்செய்ய ரூ.600 கோடி. தமிழகப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. அங்கே கன்டெய்னருக்குப் போதுமான கரைத்தளம் காற்றாலைக்குப் போதாது. பெட்டியின் எடை அடியில் உள்ள நான்கு மூலைகளில் அளவாகப் பிரியும். நூற்றுக்கணக்கான டன் தூண் துண்டு ஒரே இடத்தில் நிற்கும், அதைத் தூக்கும் கிரேனின் சங்கிலிச் சக்கரமும் அதே தளத்தில்தான் அழுத்தும். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அருகிலேயே இருக்கிறது, மீனவர்கள் அந்தக் கடலில் பிழைக்கிறார்கள். தூண் அறையும் சத்தத்தைக் குறைக்க, சுற்றிலும் துளையிட்ட குழாயைக் கடல் தரையில் போட்டுக் காற்றழுத்திக் குமிழித் திரை எழுப்பும் முறை ஜெர்மனியில் பழகிவிட்டது. அங்கே 750 மீட்டர் தள்ளி 160 டெசிபல் என்று சட்ட வரம்பு இருக்கிறது. அப்படி ஒரு வரம்பு இங்கும் ஒப்பந்தம் போடும் முன்பே எழுதப்பட வேண்டும், மீனவர்களோடு உட்கார்ந்து எழுதப்பட வேண்டும்.

100 மீட்டர் இறகு பல்லடம் சாலையில் போகாது. அது துறைமுகத்தை ஒட்டியே செய்யப்படும். இறகின் மூக்கு வார்ப்பும் அப்படித்தான், பெட்டிக்குள் அடங்காது. கோவை, திருப்பூர்ப் பட்டறைகளிலிருந்து போகக்கூடியவை 40 அடிக்குள் அடங்குபவை: ஃபிளேன்ஜ் (இணைப்பு விளிம்பு) போல்ட்டுகள், பிரேக் பாகங்கள், சிறு வார்ப்புகள், உள் ஏணிகள், மின்பெட்டிகள், பம்புகள். இவை எல்லாம் சிறு இடத்தில் பெரும் எடை கொண்டவை. 72 மி.மீ. போல்ட் ஒன்று அரை மீட்டர் நீளமிருந்தால் 16 கிலோ. ஆயிரம் போல்ட்டுகள் 16 டன். தரையில் ஒரு மூலையில் அடங்கிவிடும். அதை மரப்பெட்டிகளில் பிரித்து, 20 அடிப் பெட்டியின் தரை முழுக்கப் பரப்பி, அடியில் நீளக் கட்டை கொடுத்து, நடுவில் இடைவெளியை மரச்சட்டத்தால் அடைத்து, மரையில் எண்ணெய்த் தாள் சுற்றி, பெட்டியைத் தனியாக எடைபோட்டு அனுப்ப வேண்டும்.